விழாவில் அவர் இல்லை!

குட்டீஸ்... ஜப்பானின் புல்லட் ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை உருவாக்கிய இன்ஜினியர்களின் தலைவர் யார் தெரியுமா? ஹிடியோ ஷிமா!

இவர், 1901ல் ஒசாகாவில் பிறந்தார். அப்பாவும் ரயில்வே இன்ஜினியர் தான். 1925ல் ரயில்வே வேலையில் சேர்ந்த ஷிமா, முதலில் நீராவி இன்ஜின்களை வடிவமைத்தார்.

அந்தக் காலத்தில், தொலைதூர ரயில்களை முன்னால் இருக்கும் இன்ஜின் தான் இழுக்கும். நகரத்து மின்சார ரயில்களிலோ, பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள் இருக்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது போல, பல சக்கரங்கள் சேர்ந்து ரயிலை ஓட்டும். கனமான இன்ஜின் தேவையில்லை; சட்டென வேகம் எடுக்கலாம். இந்த முறையைத் தொலைதூர ரயில்களுக்கும் கொண்டுவர விரும்பினார் ஷிமா. 1950ல், டோக்கியோவுக்கும் நுமாசுவுக்கும் இடையே அப்படி ஒரு ரயில் ஓடத் துவங்கியது.

மறு ஆண்டே ஒரு சோகம். 1951, ஏப்ரல் 24ல், யோகோஹாமாவின் சகுராகிச்சோ நிலையத்தில் ஒரு மின்சார ரயில் தீப்பிடித்தது. போர்க்காலத்து வடிவமைப்பில், சிக்கனமாகக் கட்டிய பெட்டிகள் அவை. கதவு திறக்கவில்லை, ஜன்னல் வழியாகவும் வெளியேற முடியவில்லை. 106 பேர் இறந்தனர். அதன்பின், அந்த வகைப் பெட்டிகள் பாதுகாப்பாக மாற்றி அமைக்கப்பட்டன. அதே ஆண்டில், ஷிமா வேலையை விட்டு விலகினார்.

1955ல், ரயில்வேயின் புதிய தலைவர் ஷின்ஜி சோகோ, ஷிமாவைத் திரும்ப அழைத்தார். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புதிய அதிவேகப் பாதை போட வேண்டும்!

வேகத்தைவிட பாதுகாப்பே முக்கியம் என்று திட்டமிட்டார் ஷிமா. பாதையில் லெவல் கிராசிங்கே கிடையாது. அளவுக்கு மீறி வேகம் போனால், பிரேக் தானாகவே பிடிக்கும். ரயிலின் 12 பெட்டிகளிலும் மோட்டார்கள்! மணிக்கு 210 கி.மீ., வேகம்!

ஆனால், செலவு மதிப்பீட்டைத் தாண்டி எகிறியது. எதிர்ப்பு கிளம்பவே, 1963ல் சோகோ பதவி விலகினார். ஷிமாவும் அவருடன் வெளியேறினார்.

1964, அக்டோபர் 1ல், முதல் புல்லட் ரயில் புறப்பட்டது. அந்த விழாவுக்கு ஷிமாவுக்கு அழைப்பு இல்லை. தான் உருவாக்கிய ரயில் கிளம்புவதை, வீட்டில் இருந்தபடி, 'டிவி'யில் பார்த்தார்.

அவர் முடங்கி விடவில்லை. 1969ல், ஜப்பானின் விண்வெளி வளர்ச்சி நிறுவனத்துக்கு முதல் தலைவரானார். 1994ல், நாட்டின் உயரிய கலாசார விருது அவரைத் தேடி வந்தது. 1998ல், 96வது வயதில் காலமானார்.

புல்லட் ரயில் ஓடத் துவங்கி, 60 ஆண்டுகள் கடந்து விட்டன. இதுவரை தடம் புரண்டோ, மோதியோ அதில் ஒரு பயணி கூட இறந்ததில்லை. விழா அழைப்பிதழைவிடப் பெரிய மரியாதை இது தானே, குட்டீஸ்!