குவாஷியார்கர் நோய்க்குப் பெயர் தந்த டாக்டர்: யார் இந்த சிசிலி வில்லியம்ஸ்?

குவாஷியார்கர்... ஸ்கூல் அறிவியல் புத்தகத்தில், சத்துக்குறைபாடு நோய்கள் பாடத்தில் படித்த பெயர் ஞாபகம் இருக்கா? இந்தச் சொல்லை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

1893-ல் ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். 1929-ல் பிரிட்டிஷ் அரசு அவரை கோல்டு கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, பணிக்கு அனுப்பியது.

அங்கே என்ன பார்த்தார்?

கை கால் வீங்கி, வயிறு உப்பி, தோல் உரிந்து, முடி செம்பட்டையான குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் 1 முதல் 4 வயது. பலர் பிழைக்கவில்லை.

உள்ளூர் கா மொழியில் இதற்கு ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது. அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். காரணமும் அதிலேயே இருந்தது. தம்பியோ தங்கையோ வந்ததும் தாய்ப்பால் நின்றுவிடும். அப்புறம் கிடைப்பது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சிதான். வயிறு நிறையும், சத்து சேராது.

1933-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இது ஏற்கனவே தெரிந்த பெலக்ரா நோய்தான் என்று மற்ற மருத்துவர்கள் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1935-ல் லான்செட் இதழில் குவாஷியார்கர் என்ற பெயரோடே மறுபடி எழுதினார். புரதக் குறைவு மட்டுமே காரணமில்லை என்று பிந்தைய ஆய்வுகள் சொன்னாலும், பால் மறக்கும் காலம்தான் ஆபத்தானது என்ற அவர் கணிப்பு நிலைத்தது.

மலாயாவில் என்ன நடந்தது?

அடுத்து மலாயா. இனிப்பு கண்டென்ஸ்டு மில்க்கை பச்சிளம் குழந்தைகளுக்கு நல்லது என்று விற்றதை எதிர்த்து, 1939-ல் சிங்கப்பூரில் பேசினார். பேச்சின் தலைப்பு: பாலும் கொலையும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கி, சாங்கி சிறையிலும் இருந்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992-ல், 98 வயதில் காலமானார்.

இன்று நமக்கு என்ன பாடம்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். 6 மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்க வேண்டும். தாய்ப்பாலை 2 வயது வரையோ அதற்கு மேலோ தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 முதல் 8 மாதம் வரை தினமும் 2-3 வேளை, 9 மாதத்திலிருந்து 3-4 வேளை. வெறும் கஞ்சி போதாது. மசித்த பருப்பு, முட்டை, மீன், காய், பழம் எல்லாம் சேரணும்.

வீட்டில் இரண்டாவது குழந்தை வந்தாச்சா? மூத்த குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்க.