மித்திரனை ஆராய்ந்த பேரறிஞர்

உரோமப் பேரரசின் படைவீரர் பலர், குகை போன்ற கோயில்களில், காளையை வீழ்த்தும் மித்திரனை வழிபட்டனர். அவர்தம் சமயநூல் எதுவும் எஞ்சவில்லை. சிற்பங்களும் கல்வெட்டுகளுமே எஞ்சின. பல நாடுகளில் சிதறிக் கிடந்த அச்சான்றுகளைத் திரட்டி, 1899-இல் நிறைவுற்ற இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர் பிரான்ட்ஸ் கியூமோன்.

பெல்ஜியத்தில் 1868-இல் பிறந்த இவர், கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கினார். 1910-இல் உரோம வரலாற்றுத் துறைக்கு ஆசிரியர் குழு இவரையே பரிந்துரைத்தும், கத்தோலிக்க அமைச்சர் நியமிக்க மறுத்தார். கியூமோன் பதவியைத் துறந்தார், ஆராய்ச்சியைத் துறந்திலர். பாரிசிலும் உரோமிலும் வாழ்ந்து, 1922-23-இல் சிரியாவின் தூரா-யூரோப்போசில் அகழாய்வு நடத்தினார். அவ்வூரிலேயே 1934-இல் மித்திரன் கோயிலும் வெளிப்பட்டது.

1947-இல் அவர் மறைந்தார். இச்சமயம் பாரசீகத்தினின்று வந்தது என்னும் அவர் முடிவைப் பின்வந்தோர் பலர் மறுத்தனர். மறுப்பதற்கும் அவர் திரட்டிய சான்றுகளையே நாடினர்.