கர்ப்பிணிகளின் ரத்த சோகைக்கு மருந்து கண்ட லூசி வில்ஸ்

கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சிவப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் கலந்தது அது. போலிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட வழிகாட்டியவர் டாக்டர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அதற்கான ஆராய்ச்சி தொடங்கிய இடம், நமக்கெல்லாம் தெரிந்த பரேல்!

லூசி வில்ஸ் 1888-ம் ஆண்டு மே 10-ந் தேதி பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்தார். லண்டனில் படித்து 1920-ல் டாக்டர் ஆனார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1928-ல் பம்பாய் வந்தார். அப்போது கர்ப்ப காலத்தில் ஏற்படும் கடும் ரத்த சோகையால் ஏழைத் தாய்மார்கள் பலர் மாண்டனர். பரேல் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபடி அதன் காரணத்தைத் தேடினார். நல்ல சாப்பாடு இல்லாத குடும்பங்களில்தான் இந்த நோய் அதிகம் என்று கண்டார்.

தமிழ்நாட்டிலும் அவர் பணி தொடர்ந்தது. 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார்.

ஏழைகள் உண்ணும் உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்தார். ஈஸ்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான பண்டம் ரத்த சோகையைக் குணப்படுத்தியது. கர்ப்பிணிகளும் அதனால் தேறினர். 1931-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

அதில் இருந்த சத்து எது என்று அப்போது தெரியவில்லை. 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தனர். 1941-ல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். லூசி வில்ஸ் 1964 ஏப்ரல் 16-ந் தேதி தமது 75-வது வயதில் காலமானார். கருவுறும் முன்பே இதைச் சாப்பிட்டால், குழந்தையின் முதுகுத் தண்டில் ஏற்படும் பிறவிக் கோளாறையும் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-ல் நிரூபிக்கப்பட்டது.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்த மாத்திரையைச் சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்படுகிறார்கள். அது இரும்புச் சத்தின் விளைவுதான், பயம் வேண்டாம். டீ, காபியோடு விழுங்கினால் சத்து சரியாக உடலில் சேராது. வயிற்றுத் தொந்தரவு இருந்தால் நர்சிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து அவர்கள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஊரில் இருக்கும் மனைவிக்கு அடுத்த முறை போன் செய்யும்போது, மாத்திரை சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.