திவான் மீது ஏன் வழக்கு இல்லை?

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகத்தில் சர் சி.பி. ராமசாமி அய்யர் பேச்சை எடுத்தால் போதும், இன்றும் திண்ணை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். நம் தமிழர் என்று பெருமைப்படுவோர் ஒரு பக்கம். வயலாரை மறக்காதவர்கள் இன்னொரு பக்கம்.

1879-ல் பிறந்த சி.பி., சென்னையில் பேர்பெற்ற வக்கீல். அட்வகேட் ஜெனரலாகவும் கவர்னர் நிர்வாக சபை உறுப்பினராகவும் இருந்தவர். 1936 அக்டோபரில் திருவிதாங்கூர் திவான் ஆனார். அடுத்த மாதமே எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது. 1937-ல் சர்வகலாசாலை, 1938-ல் அரசு பஸ், 1940-ல் பள்ளிவாசல் மின்சாரம். 1944-ல் தூக்குத் தண்டனையையே எடுத்துவிட்டார்கள். இவற்றை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எதிர்ப்பை அவர் பொறுத்ததில்லை. 1938-ல் ஸ்டேட் காங்கிரசார், திவான் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கி மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். தடியடியும் சிறையும்தான் பதிலாகக் கிடைத்தன. கடைசியில் காந்திஜியின் யோசனைப்படி, அந்த ஆண்டு டிசம்பரில் மனுவை வாபஸ் வாங்கினார்கள். சி.பி.யின் செயல்களை விசாரிக்க இருந்த வாய்ப்பு அதோடு போயிற்று.

பிறகு 1946 அக்டோபர். புன்னப்பிரையிலும் வயலாரிலும் கயிறு தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் பாக்குமரத்து ஈட்டியோடு திரண்டனர். ராணுவச் சட்டம் வந்தது. படையின் தலைமையையும் திவானே ஏற்றார். 27-ந் தேதி வயலாரில் துப்பாக்கிகள் முழங்கின. இறந்தவர் சில நூறு என்பாரும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. ஒரு கோர்ட்டாவது விசாரித்திருந்தால் அந்தக் கணக்காவது தெரிந்திருக்கும். தூக்குக் கயிற்றை ஒழித்த அரசு விசாரணையே இல்லாமல் இத்தனை உயிரை எடுத்ததற்கு, வக்கீலான அவரே கூண்டில் நின்று பதில் சொல்லியிருக்கலாம். அவர் தரப்பு நியாயமும் பதிவாகியிருக்கும்.

1947 ஜூனில் தனி நாடு என்று அறிவித்தார். ஜூலை 25-ந் தேதி இரவு, சங்கீத அகாடமி விழாவில் கே.சி.எஸ். மணி என்ற இளைஞரின் வெட்டுக்கத்தி அவர் மீது பாய்ந்தது. உயிர் தப்பினார். சில நாளில் சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. ஆகஸ்டில் திவான் ஊரை விட்டே போனார்.

1948-ல் பட்டம் தாணுப்பிள்ளை பதவிக்கு வந்தார். 1938-ல் சி.பி. அரசு சிறையில் அடைத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் அரசும் வழக்கு போடவில்லை, பின்னால் வந்தவர்களும் போடவில்லை. தென் கொரியாவில் 1996-ல் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகளுக்குத் தண்டனை கிடைத்தது. அமெரிக்காவிலோ 2024-ல் சுப்ரீம் கோர்ட், பதவிக் காலத்து அரசுச் செயல்களுக்கு முன்னாள் ஜனாதிபதிக்குப் பெரும் பாதுகாப்பு தந்தது. சி.பி.க்கு அப்படி ஒரு தீர்ப்பும் தேவைப்படவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணாமலை, காசி இந்து சர்வகலாசாலைகளில் துணைவேந்தராக இருந்தார். 1966 செப்டம்பர் 26-ந் தேதி லண்டனில் காலமானார், வயது 86. புன்னப்பிரை-வயலாரைச் சுதந்திரப் போராட்டமாக மத்திய அரசு ஏற்றது 1998-ல். அப்போது திவான் மறைந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.