மன்னாரில் ஒரு தமிழ்க் கல்லூரி கேட்டவர்

தாம்போதியைக் கடந்து ஊருக்குள் வரும்போது கண்ணிற்படும் கோட்டையை அறியாத பழைய மாணவி நம்முள் இருக்க முடியாது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் பின்னர் திருத்தினர் என்று சோதனைக்காக மனனம் செய்தோம். அக்கோட்டை எழுந்த நாட்களில் இங்கு வந்து தங்கிய குருவானவர் ஒருவர், மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழுக்கென ஓர் உயர் கல்விக்கூடம் அமைய வேண்டும் என்று கேட்டிருந்தார் என்பதைப் பாடசாலையை விட்டு வெகுகாலத்தின் பின்னரே நாம் அறிந்தோம்.

என்றிக்கே என்றிக்கஸ் என்பது அவர் பெயர். கரையோர மக்களின் நாவில் அது அண்டிறிக் ஆயிற்று. 1520இல் போர்த்துக்கலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை ஏற்கவில்லை. இயேசு சபை ஏற்றது. 1546இல் கோவாவுக்கும் அடுத்த ஆண்டில் முத்துக்குளித்துறைக்கும் வந்தார்.

முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்தே பேசினார். தாம் சொன்னது ஒன்றும் சனங்களுக்குப் போய்ச் சேர்வது வேறொன்றுமாக இருப்பதைக் கண்டு, தாமே தமிழ் படிக்க இறங்கினார். இந்த இடத்தில் நமக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. வைத்தியராகிய புதிதில் தெற்கில் ஓர் ஆஸ்பத்திரியில், அரைகுறைச் சிங்களத்துடன் நாம் நின்றோம். நோயாளியான அம்மா ஐந்து நிமிடம் சொன்னதை, உதவிக்கு நின்றவர் வயிற்றுவலி என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மிச்சம் எங்கே போனது என்ற பயத்திலேதான் நாம் சிங்களம் படித்தோம்.

சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசத் தொடங்கிய அடிகளார், வினைச்சொற்களையும் வேற்றுமைகளையும் இலத்தீன் முறைப்படி அடுக்கி, பின்னால் வருவோருக்காகப் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் ஏழை நோயாளருக்கு ஒரு மருத்துவமனை எழவும் உழைத்தார். ஊரவரே அதன் செலவைத் தாங்கினர்.

எழுத்தறியாத நாட்டுக்கு அவர் வரவில்லை. மணலில் விரலால் எழுதிப் பழகி, ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போகும் திண்ணைப் பள்ளி இரு கரையிலும் முன்னரே இருந்தது. மதம் பரப்பவே அவர் வந்தார். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் அதற்காகப் பிள்ளைகளைப் போர்த்துக்கேய மொழிக்கு இழுக்காமல் தாமே தமிழுக்கு வந்தார். சிறுவர் சிறுமியர் இரு பாலாருக்கும் வேதபாடம் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்கு உடுவிலில் விடுதிப் பாடசாலை வந்தது 1824இல்தான்.

மறுகரையில் நெருக்கடி மிகுந்தபோது பரதவருள் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடியேற்றப்பட்டனர். அடிகளாரும் கூட வந்தார். கல்லூரி யோசனை அந்தக் காலத்தது. மன்னாரில் அது கைகூடவில்லை. சனங்களும் மெல்ல மெல்ல மறுகரைக்குத் திரும்பினர்.

அச்சில் அவர் வென்றார். தமிழ் அதற்கு முன்னரே 1554இல் லிஸ்பனில் அச்சேறியிருந்தாலும் அது உரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது அவருடைய தம்பிரான் வணக்கம், வெறும் 16 பக்கம். அச்சுச் செலவுக்குக் கடற்கரை மக்களே பணம் கொடுத்தனர். முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வந்த காசு அது. 1586இல் புனிதர் வரலாறு 600 பக்கங்களுக்கு மேல் வந்தது. மறக்கப்பட்டுக் கிடந்த அந்நூலை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டவர் நம்மவரான கரம்பன் தனிநாயகம் அடிகளார்.

தமிழில் உயர்கல்வி என்ற எண்ணம் மூன்று நூற்றாண்டுகளின் பின் மானிப்பாயில் வேறு வடிவில் தலைகாட்டியது. அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நாமோ முழுவதையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, பேசாலை ஆச்சி நெஞ்சுக்குள் கரிக்குது என்றால் அது இதயமா இரைப்பையா என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அடிகளார் 1600இல் தமது எண்பதாவது வயதளவில் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய இலக்கணம் லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1982இல்தான் அச்சேறியது.