பாப்லர் நகரசபையும் ஜார்ஜ் லான்ஸ்பரியும்

நகரசபைத் தேர்தல் சமயத்தில் அபேட்சகர்கள் வீடு வீடாகச் சென்று, குழாய் வைக்கிறோம், விளக்குப் போடுகிறோம், சாக்கடையைச் சீர்ப்படுத்துகிறோம் என்று வாக்களிப்பது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கமே. தேர்தல் முடிந்ததும் அவர்களிற் பலர் மூன்று சமாதானங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுகிறார்கள்: வரிப்பணம் போதவில்லை, மேலதிகாரிகள் சம்மதிக்கவில்லை, சட்டம் இடங்கொடுக்கவில்லை. இம்மூன்றும் பெரும்பாலும் வாஸ்தவமாகவே இருப்பதுண்டு. லண்டனின் கீழ்க்கோடியிலிருந்த பாப்லர் என்னும் ஏழைப் பேட்டையில் இம்மூன்றும் முற்றிலும் உண்மையாகவே இருந்தன. அப்படியிருந்தும் அவற்றில் ஒன்றையேனும் வோட்டர்களிடம் சமாதானமாகச் சொல்ல மறுத்துச் சிறைக்குச் சென்றவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. அவருடைய சரித்திரத்தை நமது நேயர்களுக்கு இங்கே சுருக்கிக் கூற விரும்புகிறோம்.

லான்ஸ்பரி 1859-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி இங்கிலாந்தில் ஸபோக் ஜில்லாவில் பிறந்தார். இளமையிலேயே குடும்பத்தார் கிழக்கு லண்டனுக்கு வந்துவிட்டனர். கல்வி சொற்பம்; சிறு வயதிலேயே கூலி வேலை. 1884-ல் மனைவி மக்களுடன் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். வேலை ஏராளம், கூலி அதிகம் என்று விளம்பரம் செய்து ஏழைகளை அக்கரைக்கு அனுப்பிய காலம் அது. அங்கே போய்ப் பார்த்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அடுத்த வருஷமே திரும்பி வந்து, அந்த விளம்பரங்களின் பொய்யை மேடைகளில் எடுத்துக்காட்டத் தொடங்கினார். பொது வாழ்வில் அவருக்கு அதுவே பிள்ளையார் சுழி. தோட்டக்கூலிக்கென்று கடல் கடந்து சென்ற நம்மவர் கதையை அறிந்தோருக்கு இந்த அநுபவம் புதிதாகத் தோன்றாது.

ஜீவனத்துக்கு மாமனாரின் மர அறுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே லிபரல் கட்சியில் உழைத்தார். 1889-ல் லண்டன் கௌண்டி கௌன்சிலுக்கு முதல் தேர்தல் நடந்தபோது, போ-பிராம்லி தொகுதியில் ஜேன் காப்டன் என்னும் பெண்மணிக்கு ஏஜெண்டாக இருந்து வெற்றி தேடிக் கொடுத்தார். ஆனால் பெண் ஒருத்தி அச்சபையில் உட்காரலாமா என்று எதிரிகள் வழக்குகள் கிளப்பி அவ்வம்மையாரைச் செயலற்றவராக்கினர். லிபரல் தலைவர்களோ இதைப்பற்றி அவ்வளவாகக் கவலை கொள்ளவில்லை. எட்டு மணி நேர வேலைத் திட்டத்தை அக்கட்சி மகாநாட்டில் பேச முயன்றபோதும் அவருக்குத் தடையே கிடைத்தது. அத்துடன் லிபரல் கட்சியை விட்டு அபேதவாதிகளுடன் சேர்ந்தார்.

1893-ல் பாப்லர் கார்டியன் சபைக்கு அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். இச்சபை என்னவென்று சற்று விளக்குவது அவசியம். இங்கிலாந்தில் அக்காலத்தில் வேலையற்ற ஏழை, முதியோர், அநாதைகள் ஆகியோருக்கு உதவும் பொறுப்பு ஸர்க்காருடையதன்று. அந்தந்தப் பேட்டையின் கார்டியன் சபையினுடையது. உதவி கேட்டு வந்தவர்களைச் சிறை போன்ற விடுதியில் அடைத்து, சீருடை மாட்டி, மட்டமான கஞ்சி வார்த்து, மறுபடி அவர்கள் வாசற்படி மிதிக்காதபடி செய்வதே நிர்வாகத் திறமை என்று எண்ணப்பட்டு வந்தது. லான்ஸ்பரியும் அவருடைய நண்பர் வில் குரூக்ஸும் அந்தச் சீருடையை ஒழித்தனர், சாப்பாட்டைத் திருத்தினர், குழந்தைகளின் படிப்பைக் கவனித்தனர். வேலையற்றோர் நிலத்தைப் பண்படுத்திப் பயிரிடுமாறு லெயிண்டன் என்னுமிடத்தில் ஒரு பண்ணையும் ஏற்படுத்தினர். ஏழைக்கு இவ்வளவு செலவா என்று மேலிடத்தார் சினந்து 1906-ல் விசாரணை நடத்தினர். ஊதாரிச் சபை என்ற பெயர் மிஞ்சிற்று. என்றாலும் பாப்லர் ஜனங்கள் லான்ஸ்பரியைக் கைவிடவில்லை.

1910-ம் வருஷக் கடைசியில் போ-பிராம்லி தொகுதியின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டு புகுந்த அவர், 1912-ல் பெண்களுக்கு வோட்டுரிமை வேண்டுமென்பதற்காகத் தம் ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்து மீண்டும் நின்று தோற்றார். இது வீரச் செயலானாலும் விவேகச் செயலென்று நம்மால் சொல்ல இயலவில்லை. கையிலிருந்த ஸ்தானம் பத்து வருஷம் போயிற்று. மறு வருஷம் அதே விஷயமான பிரசங்கத்துக்காகச் சிறை சென்று உபவாசமிருந்து விடுதலையடைந்தார். பிறகு டெய்லி ஹெரால்டு பத்திரிகையின் ஆசிரியராகிப் போர்க்காலம் முழுவதும் சமாதானக் கொள்கையைப் பேசி வந்தார்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது 1919-ம் வருஷ நவம்பர் மாதத் தேர்தலைப் பற்றியது. பாப்லர் கப்பல் துறைப் பேட்டை. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். அவர்களில் பெரும்பாலோர் காலையில் துறை வாயிலில் கூட்டமாக நின்று, அன்று அழைக்கப்பட்டால் வேலை, இல்லையேல் வெறுங்கையோடு வீடு என்று காலம் கழித்தவர்கள். ஒழுகும் வீடுகள், நெருக்கமான சந்துகள், க்ஷயரோகம். லான்ஸ்பரியும் அவர் தோழர்களும் இவர்களிடம் பெரிய சித்தாந்தம் எதையும் விற்கவில்லை. வீடுகளைப் பரிசோதித்துச் சொந்தக்காரர்களைக் கொண்டு பழுது பார்க்கச் செய்வது, புதிய வீடுகள் கட்டுவது, தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் பால், க்ஷயரோக சிகிச்சை, ஸ்நான கட்டிடங்கள், புத்தகசாலை, வேலையற்றோருக்கு வேலை, நகரசபைச் சிப்பந்திகளுக்கு நியாயமான கூலி என்பனவே அவர்கள் எடுத்துப் பேசிய விஷயங்கள். மொத்தம் 42 ஸ்தானங்களில் 39 தொழிற் கட்சிக்குக் கிடைத்தன. லான்ஸ்பரி மேயரானார். துறைமுகத் தொழிலாளரும் ரெயில்வே சிப்பந்திகளும் குடும்பப் பெண்களும் கௌன்சிலர்களாக உட்கார்ந்தனர்.

சபை சொன்னதைச் செய்யத் தொடங்கியது. 1920-ல் சிப்பந்திகளுக்கு வாரம் 4 பவுனுக்குக் குறையாத சம்பளம் என்று தீர்மானித்தது. அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். பெண்களுக்குச் சம கூலி என்பதை அக்காலத்தில் ஒரு நகரசபை நடைமுறையில் கொணர்ந்தது சாமானியமன்று.

இதற்குள் யுத்தத்துக்குப் பிந்திய வியாபார மந்தம் வந்தது; துறைகளில் வேலை நின்றது. இங்கேதான் வரிமுறையின் அநியாயம் வெட்டவெளிச்சமாயிற்று. லண்டன் பேட்டை ஒவ்வொன்றும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். வாடகை மதிப்பில் பவுனுக்கு ஒரு பென்னி வரி விதித்தால், மாளிகைகளும் பெருங்கடைகளும் நிறைந்த வெஸ்ட்மினிஸ்டரில் 31,000 பவுனுக்கு மேல் வசூலாகும். பாப்லரிலோ 3,600 பவுன் சுமாருக்குத்தான் வரும். வெஸ்ட்மினிஸ்டரில் வேலையற்றோர் சிலர், பாப்லரில் ஆயிரக்கணக்கானோர். ஆகவே பணமற்றவன் அதிக வரி கொடுத்துப் பணமற்ற அண்டை வீட்டுக்காரனைக் காப்பாற்ற வேண்டும். அவர்கள் உழைப்பால் செழித்த செல்வர்கள் நகரின் மறுகோடியில் சொற்ப வரியோடு சுகமாயிருப்பர். இது போதாதென்று லண்டன் கௌண்டி கௌன்சில், போலீஸ், ஆஸ்பத்திரிகளை நடத்திய அஸைலம்ஸ் போர்டு, தண்ணீர் போர்டு ஆகியவற்றுக்கும் பாப்லர் நகரசபையே வரி வசூலித்துக் கட்டியாக வேண்டும்.

1921-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சபை ஒரு முடிவுக்கு வந்தது. வரியை இன்னும் ஏற்றினால் ஏழை சாகிறான். உதவியைக் குறைத்தாலும் ஏழையே சாகிறான். ஆகையால் பாப்லருக்கு வேண்டிய வரியை மட்டும் வசூலிப்போம், மேற்படி பெரிய ஸ்தாபனங்களுக்குரிய பங்கை வசூலிக்க மாட்டோம் என்று தீர்மானித்தது. தங்கள் பைக்குள் போட்டுக்கொள்வதற்காக மறுத்த வரியன்று அது. வரிச்சுமையை லண்டன் முழுவதும் சமமாகப் பங்கிடு என்று ஸர்க்காரின் காதில் ஏற்றுவதற்கு வேறு வழி அவர்களுக்குத் தோன்றவில்லை. கௌண்டி கௌன்சில் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஜூலை 29-ந் தேதி கௌன்சிலர்கள் மேயரின் சின்னங்களை அணிந்து, பாண்டு வாத்தியத்துடன் பாப்லரிலிருந்து கோர்ட்டு வரையில் ஊர்வலமாக நடந்தனர். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தனர். ஹைகோர்ட்டுக்கும் ஒருகால் சிறைக்கும் போகிறோம் என்ற பொருளில் அவர்கள் ஏந்திய கொடித்துணி சொல்லிற்று. அது பொய்க்கவில்லை. செப்டம்பர் முதல் தேதி தொடங்கிக் கைது நடந்தது. முப்பது கௌன்சிலர்கள் சிறை புகுந்தனர்; ஆண்கள் பிரிக்ஸ்டனுக்கும் பெண்கள் ஹாலோவேக்கும் கொண்டுபோகப்பட்டனர். லான்ஸ்பரிக்கு வயது 62. அவர் குமாரர் எட்கரும் மருமகள் மின்னியும் கைதிகளில் சேர்ந்தவர்கள். நெல்லி கிரெஸ்ஸல் என்னும் கௌன்சிலர் அப்பொழுது பூர்ண கர்ப்பிணி.

சிறைக்குள் நடந்தது விநோதம். ஜன்னல் கம்பிகளின் வழியே லான்ஸ்பரி வெளியில் கூடிய ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்தார். நகரசபையின் கூட்டங்களைச் சிறைக்குள்ளேயே கூட்ட அதிகாரிகள் சம்மதித்தனர். ஹாலோவேயிலிருந்து பெண் கௌன்சிலர்களை மோட்டாரில் ஏற்றிப் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவந்தனர். அண்டைப் பேட்டைகளான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் தாங்களும் பாப்லரைப் பின்பற்றுவதாகத் தீர்மானித்தன. ஸர்க்காருக்கு வேறு மார்க்கம் இல்லாமற் போகவே அக்டோபர் 12-ந் தேதி கௌன்சிலர்கள் விடுதலையாயினர். அவ்வருஷமே சட்டம் இயற்றப்பட்டு, ஏழைகளுக்கான உதவிச் செலவை லண்டன் பேட்டைகள் ஒரு பொது நிதியிலிருந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. வெஸ்ட்மினிஸ்டர் தன் பங்கைக் கொடுக்கலாயிற்று.

இம்முறையைத் தொழிற் கட்சித் தலைவர்களிலேயே பலர் விரும்பவில்லை. ஹாக்னியைச் சேர்ந்த ஹெர்பர்ட் மாரிஸன், சட்டத்தை மீறும் கட்சியை நடுத்தர வகுப்பு வோட்டர்கள் நம்பமாட்டார்கள் என்று வாதித்தார். அந்த வாதம் அற்பமானதன்று. நகரசபைகள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடிக்காத வரியை நிறுத்திக்கொள்ளத் தொடங்கினால் ஆஸ்பத்திரிகள் நடப்பதெப்படி? ஆனால் பல வருஷங்களாக மகஜர்களும் தூதுகோஷ்டிகளும் போய்ப் பயன்படாத இடத்தில் ஆறு வாரச் சிறைவாசம் பயன்பட்டது என்பதையும், சட்டத்தை மீறியவர்கள் அதன் தண்டனையிலிருந்து ஓடி ஒளியவில்லை என்பதையும் நாம் மறைக்க முடியாது. 4 பவுன் சம்பள விஷயத்தில் மட்டும் சட்டம் பழிவாங்கிற்று. விலைவாசி இறங்கிய பின்பும் சபை சம்பளத்தைக் குறைக்காததால் ஆடிட்டர் கௌன்சிலர்கள் தலையில் 5,000 பவுன் அபராதம் சுமத்தினார். 1925-ல் பிரபுக்கள் சபை அதைச் சரியென்று தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு ஆணின் கூலி கொடுத்ததும் அத்தீர்ப்பில் குற்றமாகவே கருதப்பட்டது. சம கூலிக்காக இன்று சட்டமே இருக்கும் தேசத்தில் அத்தீர்ப்பு படிக்க விசித்திரமாயிருக்கிறது.

மீதிச் சரித்திரம் பலரும் அறிந்ததே. 1922 முதல் இறக்கும்வரை பார்லிமெண்டில் போ-பிராம்லியின் பிரதிநிதி அவரே. அன்னி பெஸண்ட் அம்மையாரின் முயற்சியில் தயாரான இந்திய சுயாட்சி மசோதாவை 1925-ல் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தவரும் அவரே. அது மேற்கொண்டு நகரவில்லை. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் அரச விருந்தினராக மாளிகையில் தங்காமல் போ வட்டாரத்துக் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். அதை நடத்திய மியூரியல் லெஸ்டர் அம்மையார் பாப்லர் நகரசபையில் சிசு நலத்துக்காக உழைத்தவர். 1929-ல் மந்திரியான லான்ஸ்பரி, ஹைடு பார்க் ஏரியில் சாமானியர் நீராட இடம் அமைத்தார். 1931 தேர்தலில் கட்சி முறிந்துபோக, மிஞ்சிய சிலருக்கு அவரே தலைவரானார். 1935-ல் சமாதானக் கொள்கையை விடமாட்டாமல் தலைமையை விட்டார். 1937-ல் ஹிட்லரையே நேரில் கண்டு யுத்தத்தைத் தடுக்கலாமென்று நம்பித் திரும்பினார். பிறரிடத்தில் தம்மைப் போன்ற மனச்சாட்சியை எதிர்பார்த்த ஏமாளித்தனம் அது. 1940-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி காலமானார். ஏழைகள் எந்நேரமும் கதவு தட்டிய அவருடைய போ ரோடு 39-ம் எண் வீடு சில மாதங்களுக்குள் குண்டு வீச்சில் அழிந்தது.

1951-ல் குண்டுகளால் சிதைந்த பாப்லரில் எழுந்த புதிய குடியிருப்புக்கு லான்ஸ்பரி எஸ்டேட் என்று பெயரிட்டனர். 1965-ல் பாப்லர் நகரசபையே டவர் ஹாம்லெட்ஸ் என்னும் பெரிய பேட்டையில் கலந்துவிட்டது. எட்கரின் மறு விவாகத்தில் பிறந்த ஏஞ்சலா லான்ஸ்பரி பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நடிகையானார். முதல் மனைவி மின்னிக்கோ சிறையிலிருந்து வந்தபின் உடல் தேறவில்லை. 1922 ஜனவரி முதல் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், நிமோனியாவினால் இறந்தார். அவர் நினைவாக வைத்த கடிகாரம் போ ரோட்டில் ஒரு கட்டிடத்தின் மேல் இருக்கிறது.