சீவகனைத் தேடியவர்

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது உ.வே.சாமிநாதையருக்கு அகவை இருபத்தைந்து. அவரளவுக்குத் தமிழ்நூல் பயின்ற இளைஞர் காவிரிக்கரை ஊர்களில் அரியர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். ஊர்தோறும் சென்று இராமகதையைப் பாடிப் பொருள் விரித்து, மக்கள் அளித்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். நாடு துறந்து, இன்னல் பல கடந்து, பகை வென்று மீளும் தலைவனின் கதை, ஏட்டின்வழி அறிமுகமாகுமுன்னரே தந்தையின் குரலில் மைந்தரின் செவியை எட்டியிருந்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரினும் சாமிநாதன் என்ற பெயரையே ஆசிரியர் விரும்பினார், அதுவே நிலைத்தது. 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரைப் பிரியாதிருந்து, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனக் கற்றவை பல.

அந்தக் கல்விப் பெருமிதத்தை அசைத்தது ஓர் உரையாடல். 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். கற்ற நூல்களின் பெயர்களை அவர் அடுக்கியபோதும் முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதைத் தவிர வேறு விடை சாமிநாதையரிடம் இல்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியொன்றைக் கொடுத்தனுப்பினார்.

படிக்கத் தொடங்கியதும் இடர்ப்பாடு விளங்கிற்று. நூல் திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றியது. சைவச் சூழலில் வளர்ந்தவருக்கு அதன் சமயக் கருத்துகள் புலப்படவில்லை. கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர், கும்பகோணத்துச் சமணர் இல்லம் தேடி மாணவராய்ச் சென்றார். சந்திரநாத செட்டியார் வீட்டை அவர் அடைந்த நாளில் வாயிலில் தோரணம் தொங்கியது. சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து முடித்த நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர் அவ்வீட்டார். புலவருலகம் மறந்துவிட்டதென அவர் எண்ணியிருந்த காப்பியம் தம் கல்லூரி இருந்த ஊரிலேயே பாராயண நூலாக வாழ்ந்துவந்தது!

அக்காப்பியத்தின் கதையமைப்பு கருதத்தக்கது. அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சத்தால் சச்சந்தன் நாட்டையும் உயிரையும் இழக்கிறான். மயிற்பொறியில் தப்பிய அரசி விசயை, சுடுகாட்டில் சீவகனை ஈன்றெடுக்கிறாள். வணிகன் கந்துக்கடன் வளர்க்க, ஆசிரியர் அச்சணந்தியின்வழித் தன் பிறப்பை அறிகிறான் சீவகன். ஊர்விட்டு ஊர் சென்று கலையாலும் வீரத்தாலும் மணம் பல பெற்று, மாமன் துணையுடன் பகைவனை வென்று அரசை மீட்கிறான். பிறப்பில் இழப்பு, அயலார் வளர்ப்பு, ஆசானின் வழிகாட்டல், நெடும்பயணம், போர், மீட்சி என்னும் இவ்வரிசை உலகத் தொன்மக் கதைகள் பலவற்றில் காணப்படுவது. அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட நூலில் இதனைத் தலைவனின் பயணம் என விளக்கினார். ஆயினும் திருத்தக்கதேவர் அரியணையோடு கதையை முடிப்பதில்லை. மந்தியொன்றுக்கு ஆண்குரங்கு அளித்த பலாச்சுளையைத் தோட்டக் காவலன் பறித்துக்கொள்ளும் காட்சி சீவகன் உள்ளத்தில் உறைக்கிறது. மீட்ட நாட்டையே அவன் துறக்கிறான். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கும் அமைந்தாலன்றிப் பெருங்காப்பியம் நிறைவுறாது என்பது தமிழ் மரபு.

இக்கதையை அச்சேற்றியதும் ஒரு நெடும்பயணமே. ஏட்டுக்கு ஏடு பாடம் மாறியது. புள்ளியில்லாத எழுத்துகளில் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. உரையாசிரியர் நச்சினார்க்கினியரோ நூற்பெயர் சுட்டாமலே மேற்கோள்கள் பல காட்டிச் சென்றிருந்தார். அவற்றின் மூலம் தேடிப் புறப்பட்ட சாமிநாதையர், திருவாவடுதுறை மடத்து ஏடுகளிடையே சங்க நூல்களைக் கண்டார். சிந்தாமணிக்கு உரை காணப் போனவருக்குச் சங்க இலக்கியமே எதிர்ப்பட்டது என்று கூறலாம். கையொப்பக்காரர்களைச் சேர்த்துப் பொருள் திரட்டி, கல்லூரி விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுப்படி திருத்தி, 1887இல் 3145 பாடல்களும் உரையும் அடங்கிய நூலை வெளியிட்டார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன.

எல்லாத் தேடலும் கைகூடிவிடவில்லை. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு வரகுணபாண்டியரின் ஏடுகளை நாடிச் சென்றபோது, பழுதுற்றவை எனக் கருதி அவற்றை வேள்வித்தீயில் இட்டுவிட்டதாக அறிந்து மனங்கலங்கித் திரும்பினார். அத்தீயில் எந்தெந்த நூல்கள் அழிந்தனவோ!

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்ற பின்னும் ஏடுகளுடனேயே வாழ்ந்தார். முதுமையில், 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் தம் வரலாற்றை வாரந்தோறும் எழுதலானார். தந்தையின் இராமகதையும் முதலியார் வீட்டு உரையாடலும் சமணர் இல்லத்துத் தோரணமும் அவ்வரலாற்றால்தான் நமக்குத் தெரிந்தன. உலகப்போர்க் காலத்தில் சென்னையைவிட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28 அன்று அவர் இயற்கை எய்தினார். வரலாறு அப்போது 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் வரையே எழுதப்பட்டிருந்தது.